இரட்டைப் பனைக்கு மேற்கே

வாய்தா வாங்கத் தெரிந்தவன் பாதி வக்கீல். வாங்கிய வாய்தாவைக் கட்சிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன்தான் முழு வக்கீல். நான் இன்றுவரை பாதி வக்கீலாகவே இருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குக் கோபம் வந்து தொலைத்துவிடும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வாய்தாவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பலன் இருந்திருக்கும்.

கோர்ட் வராந்தாவில் காலையிலிருந்து கால் கடுக்க நின்று, "நம்ம பேரைக் கூப்பிட்டாச்சா?" என்று டவாலியிடம் பத்துத் தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், எழுதியவன் நம்ம ஆள்தான் என்று தெரிந்துகொள்வார்கள். ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றுப்பட்டிலும் கறுப்புக் கோட்டோடு பஸ் ஏறி இறங்கியவன் நான். எந்தக் கோர்ட், எந்த நீதிபதி என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் என் பிழைப்பு.

அப்பா போன ஏழாவது தடவை

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு, வத்திராயிருப்புப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவோடு நெல் வயலில் இறங்கியிருந்தேன். வரப்பு வெட்டினேன், உரமூட்டை சுமந்தேன், மாட்டிடம் உதை வாங்கினேன். அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு ஒரு சம்மன் வந்தது. யாரோ பங்காளிகள் இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு. அப்பா பக்கத்து வயல்காரர் என்பதால் சாட்சி. ஆறு தடவை போனார். ஆறு தடவையும் அவர் பெயரைக் கூப்பிடவே இல்லை.

ஏழாவது தடவை நானும் கூடப் போனேன். அன்றைக்கு எங்கள் வயலில் நடவு. ஆள் சொல்லி, நாற்றுப் பறித்து, முடி முடியாகக் கட்டி வரப்பில் கிடத்திவிட்டு வந்திருந்தோம். போகாவிட்டால் வாரண்ட் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வரை நின்றார். பிறகு உள்ளேயிருந்து வந்த வக்கீலிடம், "ஐயா, இன்னைக்காச்சும் கூப்பிடுவாகளா? வயல்ல நாத்து காயுது" என்று கேட்டார். நான் சட்டம் படிக்கப் போனது நீதியின் மேல் இருந்த ஆசையால் அல்ல. அந்த ஆளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஆத்திரத்தால்தான். வாயில் வெற்றிலையோடு அவர் சொன்னது இது: "உமக்கென்னய்யா, விவசாயம்தானே. பயிரு அதுபாட்டுக்கு வளரும். அடுத்த வாய்தாவுக்கு வாரும்."

சீனியருக்கு வயிறு சரியில்லை

மதுரையில் சட்டம் படித்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடும் ஆபீசும் ஒன்றாக வைத்திருந்த ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். முதல் வாரமே என்னைத் தனியாகக் கோர்ட்டில் எழுந்து நிற்கச் சொன்னார். என்ன வாதம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். வாதமெல்லாம் வேண்டாம், சீனியருக்கு வயிறு சரியில்லை, வாய்தா வேண்டும் என்று சொன்னால் போதும் என்றார்.

சொன்னேன். கிடைத்தது. வெளியே வந்தால், எங்கள் கட்சிக்காரர் என்னையும் எதிரே இருந்த கேண்டீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேண்டீனில் சீனியர் சாம்பாரில் ஊறிய வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலம் ஆபீசில் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நிதானமாகச் சொன்னார்: "வாய்தா கேக்கறவன் காரணம் சொல்லணும், அம்புட்டுத்தான். குடுக்கறவரு அதை நம்பித்தான் குடுக்கணும்னு சட்டத்துல எங்க இருக்குன்னு காட்டு, பாப்போம்."

ஆறு மாசத்தில் முடித்துவிடலாம்

சீனியரை விட்டு வந்து ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டினேன். குமாஸ்தா சுப்பையா ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. ஒரு நாள் மதியம் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓர் அம்மாள் படியேறி வந்தார். பேர் சீனியம்மாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் வேலை. ஷிஃப்டு முடிந்து நேரே வந்திருந்தார். ஊரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரும் அவர் ஊரும் ஒரே பஞ்சாயத்து. ஒரே கண்மாய்த் தண்ணீர். எங்கள் வயல் வடக்கு மடையில் பாயும், அவருடையது தெற்கு மடையில். நடுவில் ஒரு மைல் தூரம்கூட இருக்காது.

அவர் கணவர் பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்து அந்தப் பணத்தில் ஒரு ஏக்கர் வாங்கினார். மூன்று போகம் விளைந்தது. பிறகு அவர் காலமாகிவிட்டார். வயல் இருப்பது வாய்க்கால் முடிகிற கடைமடை. மடையிலிருந்து வரும் வாய்க்கால் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். தோப்புக்காரருக்குச் சொந்தக் கிணறு இருக்கிறது, தென்னைக்கு வாய்க்கால் தண்ணீர் தேவையே இல்லை. ஆனால் தோப்பைச் சதுரமாக்க இந்த ஒரு ஏக்கர் தேவை. கேட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை. ஒரு கோடையில் வாய்க்காலை மண் போட்டு மேவி, குறுக்கே கல்லுக்கட்டு வேலியும் எழுப்பிவிட்டார். தண்ணீர் இல்லாத வயலை எத்தனை வருஷம் வைத்திருப்பாள் பார்ப்போம் என்பது கணக்கு.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஆறு மாசத்துல முடிச்சிரலாம்க்கா" என்றேன். ஆறு மாசம்! என் வாயில்தான் அது வந்தது. மஞ்சள் பையில் இருந்த அவர் கணவரின் கிரயப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அன்று மாலையே பிராது எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டினேன். சொத்து விவரம் வந்த இடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து மேலே வாசித்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் சொன்னது வேறு: "வித்துட்டுப் போயிருன்னுதான் எல்லாரும் சொல்லுதாக தம்பி. விக்கதுக்கா அந்த மனுசன் பனிக்குள்ள நின்னு சம்பாரிச்சாரு?"

கமிஷனர் பார்த்த வாய்க்கால்

அங்கே வாய்க்காலே இல்லை என்று தோப்புக்காரர் சத்தியம் செய்து பதில் போட, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. கமிஷனர் என்றதும் தொப்பியும் ஜீப்பும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். அவரும் ஒரு வக்கீல்தான். என்னைவிட இரண்டு வருஷம் இளையவர். போன அன்று எனக்கு வேறொரு கேஸ் இருந்ததால் நான் போகவில்லை, சுப்பையாவை அனுப்பினேன். கமிஷனர் தோப்புக்காரர் அனுப்பிய காரில் போய் இறங்கினார். தோப்புக்குள் நிழலாக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தபடியே விசாரணை.

அறிக்கை வந்தது. "வாய்க்கால் இருந்ததற்கான அடையாளம் எதுவும் நேரில் காணப்படவில்லை." எப்படி ஐயா காணப்படும்? அதை மண் போட்டு மூடிவிட்டான் என்பதுதானே கேஸே! இதற்கு ஆட்சேபணை போட்டு, ஆட்சேபணைக்கு அவர்கள் ஆட்சேபணை போட்டு, ஒரு வருஷம் போனது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அறைக்குள் கத்திய கத்தலில் கீழே இருந்த தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். சுப்பையா மட்டும் அசையவில்லை. கேஸ் கட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாலு எளநி குடிச்சாரு சார். அவரு தண்ணி தேடுனதெல்லாம் அதுக்குள்ளதான்."

எங்கே வேலை?

வாய்தா நாளென்றால் சீனியம்மாள் காலையிலேயே டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, பத்து மணிக்கு முன்னால் வராந்தாவில் நிற்பார். வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்க மாட்டார். தான் வராத அன்றைக்குத் தன் கேஸைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அந்தப் பயம் நியாயமானதுதான் என்று எனக்கும் தெரிந்திருந்ததால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா. அவர் வீட்டில் விசேஷம் என்று ஒரு வாய்தா. நீதிபதி மாறிப் போனதால் ஒன்று, புதிய நீதிபதி இன்னும் வராததால் ஒன்று, வந்தவர் கட்டைப் படிக்காததால் ஒன்று. இந்தக் காரணம் ஒவ்வொன்றையும் நான் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்தால் தோப்புக்காரரின் ஆள் ஒருவர் சீனியம்மாள் வீட்டுக்குப் போய், "இன்னுமா பிடிவாதம்?" என்று கேட்டுவிட்டு வருவார். கடைமடையில் மிச்சமிருந்த இரண்டு பேரும் விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான் பாக்கி. இத்தனைக்கும் அவர் என் மேல் கோபப்பட்டதே இல்லை. ஒரு நாள் சிரித்துக்கொண்டுகூடச் சொன்னார்: "சூப்பர்வைசர் கேக்காரு தம்பி, 'ஏம்மா, நீ இங்க வேலை பாக்கியா, கோர்ட்டுல வேலை பாக்கியா'ன்னு. கோர்ட்டுலதான்யா, அங்கதான் நிக்க வச்சே வேலை வாங்குதாகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் வாங்கிய வாய்தா

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாட்சி விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. எதிர்த்தரப்பு தயார், நீதிபதி தயார், சீனியம்மாள் நல்ல சேலை உடுத்தி வந்து நிற்கிறார். அன்றைக்குப் பார்த்து வக்கீல் சங்கத் தேர்தல். நான் செயலாளர் பதவிக்கு நின்றிருந்தேன். வராந்தாவில் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை ஓட்டுக் கேட்டு நடந்துகொண்டிருந்தவன், உள்ளே ஓடி, எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

"ஒண்ணும் கெட்டுப்போகாதுக்கா, அடுத்த மாசம்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு இரண்டு எட்டு வைத்த பிறகுதான், இதே மாதிரி ஒரு குரலை இதே மாதிரி ஒரு வராந்தாவில் கேட்டிருக்கிறோமே என்று உறைத்தது. வெற்றிலை ஒன்றுதான் குறை. திரும்பிப் பார்த்தேன். அந்தத் தேர்தலில் தோற்றேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. சீனியம்மாள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கென்ன தம்பி, நெலம் தரிசாத்தான கெடக்கு. அது எங்க போயிரப் போவுது?"

இரட்டைப் பனை

ஆறாவது வருஷம் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். வாய்க்காலை மறித்தது தவறு, திறந்துவிட வேண்டும். சுப்பையா ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். தோப்புக்காரர் திறக்கவில்லை. அதை நிறைவேற்றச் சொல்லி மறுபடி ஒரு மனு. அதற்கு ஒரு வருஷம். கடைசியில் கோர்ட் அமீனா தீர்ப்பு நகலோடு புறப்பட்டார். இந்த முறை நானும் போனேன். கேஸ் போட்டு ஏழு வருஷத்தில் அந்த இடத்தில் நான் கால் வைத்தது அன்றுதான். பாலிஷ் போட்ட ஷூவோடு.

தோப்புக்காரர் வாசலிலேயே நின்றார். கோபமே இல்லை. "தீர்ப்பைப் படிங்க, அதுல உள்ளபடி செஞ்சிட்டுப் போங்க" என்றார். அமீனா படித்தார். பத்திரங்களில் நிலத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவார்களே, செக்குபந்தி, அது வந்தது. "இரட்டைப் பனைக்கு மேற்கே, கல்லுக்கட்டுக் கிணற்றுக்கு வடக்கே செல்லும் மாமூல் வாய்க்கால்." அமீனா நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை தென்னை. பனை என்று ஒன்று கிடையாது. "எங்கய்யா இரட்டைப் பனை? அதைக் காட்டுங்க, அதுக்கு மேக்க வெட்டிக்கோங்க" என்றார் தோப்புக்காரர். சொத்து அடையாளம் தெரியவில்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அமீனா பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பனைகளை யாரோ வீட்டுக்கு உத்திரம் போட வெட்டி ஒரு தலைமுறை ஆகிறதாம். கணவரின் பத்திரத்தில் இருந்ததைப் பார்த்து நான் எழுதினேன். அந்தப் பத்திரம் எழுதியவன் அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். அவனும் அதற்கு முந்தையதைப் பார்த்து எழுதினவன்தான். தலைமுறையாக இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. பேப்பரைப் பார்த்துப் பேப்பர் எழுதுவோம், மரத்தை எவனும் பார்க்க மாட்டான். மற்றவன் போகட்டும். நான் யார்? வரப்பு வெட்டினவன். ஒரு மைல் தூரத்தில் பிறந்தவன். ஒரு வயலைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்த வயலில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனது. கமிஷனரைத் திட்டினேன், சீனியரைத் திட்டினேன். அன்று ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டியபடி பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். கூடவே நடந்த சீனியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "நீங்க வாசிச்சுக் காட்டையிலயே பனை இல்லையேன்னு நெனச்சேன் தம்பி. வக்கீலுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

ஆணியில் தொங்கிய கோட்டு

திருத்த மனு போட்டேன். அதற்கும் வாய்தா. அந்தச் சமயத்தில்தான், பத்து வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. என் பெயர் இன்னும் ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மனுத் தாக்கல் செய்தேன். சுப்பையா அந்தக் கோட்டைத் தினமும் தூசி தட்டி மறுபடி மாட்டினார்.

தோப்புக்காரர் தன் பங்காளி ஒருவரை எதிரே நிறுத்தினார். "ஒரு பனமரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று மைக் போட்டுக் கேட்டார்கள். ஊரே சிரித்தது. உண்மைதானே. நான் தெருத் தெருவாகப் போய், ஆமாம், நான்தான் பார்க்காமல் எழுதினேன், அதனால் ஒரு பொம்பளையின் வயல் தரிசாகக் கிடக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வேறு வாக்குறுதி எதுவும் கைவசம் இல்லை. பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் எல்லார் முன்னாலும் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் பார்த்ததுல, தப்பு ஏம்மேலன்னு சொன்ன மொத வக்கீலு நீங்கதான். அதுக்காகவே குத்துதேன்."

வீட்டுக்கு ஒரு மண்வெட்டி

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கண்மாயில் தண்ணீர் பெருகி மடை திறப்பதற்கு முன்னால், அந்த மடையில் பாயும் வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. மடையில் ஆரம்பித்துக் கடைமடை வரை வாய்க்காலைச் சேர்ந்து வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்தப் போகம் முறைத் தண்ணீர் கிடையாது. பம்ப்செட்டு வந்து, பாதிப் பேர் மில்லுக்குப் போன பிறகு இது நின்று போயிருந்தது. தலைவரான முதல் ஐப்பசியில் தண்டோரா போட்டேன். இதற்குச் செக்குபந்தி தேவையில்லை. தண்ணீர் போன வழிதான் வாய்க்கால்.

தோப்புக்காரருக்கு அதே மடையில் தலைப்பக்கம் நல்ல நெல் வயல் இருந்தது. ஆள் அனுப்பாவிட்டால் அதற்கு முறைத் தண்ணீர் கிடைக்காது. வேறு வழியில்லாமல் தோப்பில் வேலை பார்த்த காளியப்பனை அனுப்பி வைத்தார். காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். நாற்பது மண்வெட்டிக்குக் குறையாது. நானும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். உள்ளங்கை பதினைந்து வருஷத்தில் பஞ்சாகிவிட்டிருந்தது, அரை மணியில் கொப்புளம். சீனியம்மாள் யூனிட்டுக்கு லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டு மண்வெட்டியோடு வந்திருந்தார். பதினோரு மணிக்குக் கல்லுக்கட்டு வேலிக்கு முன்னால் வந்து நின்றோம்.

தோப்புக்காரர் வந்தார். "கை வச்சா கோர்ட்டுல நிப்பீங்க" என்றார். ஏழு வருஷத்துக் கோபத்தையும் கொட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வக்கீல் குரல். "இந்த இடத்துல வாய்க்காலே இல்லன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணியிருக்கீங்களே. இல்லாத வாய்க்காலை நாங்க எப்படி வெட்ட முடியும்?" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆட்கள் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்த இடத்தில் வெட்டுவது? தரை சமமாகப் புல் முளைத்துக் கிடந்தது. மறுபடியும் இரட்டைப் பனைக்கு மேற்கேதான் வந்து நிற்கிறோம். ஒரு உத்தேசத்தில் மண்வெட்டியை ஓங்கினேன். அப்போது காளியப்பன் முதலாளியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னால் வந்து என் கையைப் பிடித்தார்: "அங்கன வெட்டாதீங்க தலைவரே, இந்தா இங்கன. மேவுனவன் நான்தான, எனக்குத் தெரியாதா?"

முதல் பிரதிவாதி

மறுவாரமே காளியப்பனைத் தோப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்டு நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, தெற்கு மடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவரையே தண்ணீர் பாய்ச்சும் ஆளாக வைத்துக்கொண்டார்கள். தோப்புக்காரர் சொன்ன சொல் தவறவில்லை, கேஸ் போட்டார். அத்துமீறி நுழைந்து வேலியைக் கலைத்ததாக, முதல் பிரதிவாதி நான், இரண்டாம் பிரதிவாதி சீனியம்மாள். இரண்டு பேருக்கும் வக்கீல் நானே என்று கோட்டை ஆணியிலிருந்து மறுபடி எடுத்தேன். வக்கீலாக எத்தனையோ சம்மன் பார்த்திருக்கிறேன், என் பெயர் எழுதியதை வாங்கியது இதுதான் முதல் தடவை. இடைக்காலத் தடை கேட்டார்கள். கட்டைப் படிக்க வேண்டும் என்று நீதிபதி வாய்தா போட்டார். அடுத்த முறை அவர்கள் வக்கீலுக்கே உடம்பு சரியில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சீனியம்மாள் வயலுக்கு ஒரு முறைத் தண்ணீர் பாய்ந்தது. வாய்தாவைக் கேட்டு எனக்குக் கோபம் வராமல் போனது அந்தச் சில மாதங்கள்தான்.

அடுத்த விசாரணை நாளன்று, அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று காலையிலேயே வயலுக்குப் போனேன். ஏழெட்டு வருஷமாக ஒரு வாய்தாவையும் தவற விடாதவர் அவர். யூனிட் வேலையை விட்டிருந்தார். உழுது பரம்படித்த வயலில் முழங்கால் அளவு சேற்றில் நின்றார். வரப்பில் நாற்று முடிகள் கிடந்தன. நடவு ஆட்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். கோட்டும் ஷூவுமாக நான் வரப்பில் நின்று, "இன்னைக்குக் கேசு இருக்குக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றேன். அவர் நிமிரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. வயலுக்குள் தண்ணீர் நுழைகிற வாமடையை வெட்டித் திறக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தார்: "இன்னைக்கு நடவு தம்பி. கேசு அதுபாட்டுக்கு வளரட்டும். நீங்க செத்த தள்ளி நில்லுங்க, வாமடையை மறிச்சுக்கிட்டு நிக்கீங்க."

அப்பாவிடம் அன்றைக்கு அந்த வக்கீல் சொன்னதற்குப் பதில் சொல்லத்தான் நான் சட்டம் படித்தேன். பதிலைச் சொன்னவர் சட்டம் படிக்காத சீனியம்மாள், அன்று பத்தரை மணிக்கு இரண்டாம் பிரதிவாதிக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டு நின்றவன் நான்.